கதவோரத்தில் ஒரு முக்காலி

'இமை' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். குளியல் சோப்பு அளவுதான். முன்னால் ஒரு லென்ஸ், பின்னால் ஒரு திரை, தலையில் ஒரே ஒரு பொத்தான். பெட்டிக்குள் இருந்த கையேட்டில் மொத்தம் நான்கு வரி. தூக்குங்கள், திரையைப் பாருங்கள், அழுத்துங்கள். நான்காவது வரி, தண்ணீரில் போடாதீர்கள்.

அந்த நான்கு வரியிலேயே சிந்துஜாவுக்குப் பாதி மனசு இளகிவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு நுகர்வோர் சங்கம் நடத்தும் மாதப் பத்திரிகைக்காக ஒன்பது வருடமாக மிக்ஸி, வாட்டர் ஹீட்டர், மேசை விசிறி, குழந்தைகளின் தள்ளுவண்டி என்று எதையெதையோ வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புழங்கிப் பார்த்து மதிப்பெண் போடுகிறவள் அவள். எண்பது பக்கக் கையேட்டையும் கடைசி வரை படிக்கும் ஒரே ஜீவன் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். விளம்பரமே வாங்காத பத்திரிகை என்பதால் அவள் நல்லது என்று எழுதினால் ஜனங்கள் நம்பி வாங்குவார்கள். கம்பெனிக்காரர்கள் சொல்வதை நம்பாமல் இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

செத்தே போய்விட்டது என்று எல்லோரும் கைகழுவிய கையடக்கக் கேமரா மறுபடி கடைக்கு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. விசேஷ வீடுகளில் வாசலிலேயே செல்போன்களை வாங்கித் துணிப்பையில் போட்டுக் கட்டிவைக்கும் வழக்கம் வந்து நாலைந்து வருடமாகிவிட்டது. பந்தியில் நடக்கும் சண்டையெல்லாம் சுடச்சுட ஊருக்கே ஒளிபரப்பாகி, இரண்டு மூன்று கல்யாணங்கள் நின்று போன பிறகு வந்த வழக்கம் அது. போன் கூடாது, படம் மட்டும் வேண்டும் என்றால் கேமராவுக்குத்தானே போகவேண்டும்.

ஆனால் 'இமை' பழைய கேமரா இல்லை. படம் எடுக்கும் முன் திரையில் உங்கள் கண் எங்கெங்கே தங்குகிறது என்று அது கவனித்துக்கொண்டே இருக்கும். கண் தங்கியதை வைத்துக்கொள்ளும். தங்காததைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் சுவரோ, செடியோ, வானமோ, பொருத்தமாக எதையாவது வரைந்துவிடும். அழுத்திய விரலை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

முதல் ஐந்து நாளும் சிந்துஜா அதை விட்டுக் கையை எடுக்கவில்லை. உக்கடம் பேருந்து நிலையத்தில் ஒரு பூக்காரம்மாவை எடுத்தாள். பின்னால் இருந்த குப்பைத் தொட்டி, கிழிந்த சுவரொட்டி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்த ஆசாமி, ஒன்றும் படத்தில் இல்லை. பூவும் அந்த அம்மாவும் மட்டும், காலண்டருக்கு எடுத்தது போல. பக்கத்து வீட்டுக் குழந்தையை எடுத்தாள், அலுவலகத்து மதியச் சாப்பாட்டை எடுத்தாள், பெரிய குளத்தை எடுத்தாள். எடுத்ததெல்லாம் அழகு. ஒரு தடவை மின்னேற்றினால் ஒன்பது நாள் வரும் என்றார்கள், ஐந்து நாளில் பாதிதான் குறைந்திருந்தது. ஐந்தாம் நாளே அறிக்கையில் முக்கால்வாசி எழுதிவிட்டாள். சுலபம், பத்துக்குப் பத்து. ஒன்பது வருடத்தில் அவள் யாருக்கும் பத்துப் போட்டதில்லை.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, தங்கை தாரணிக்கு வளைகாப்பு.

தாரணியைப் பல்லடத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. வளைகாப்பு முடிந்த கையோடு பிரசவத்துக்குச் சிங்காநல்லூரில் அம்மாவும் சிந்துஜாவும் இருக்கும் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். ஏழு வகைச் சாதம் கட்டிக்கொண்டு போகவேண்டியது அம்மா வீட்டாரின் பொறுப்பு. சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து அம்மா சாந்தாமணி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அப்பா இறந்து இரண்டு வருடம். ஐம்பத்தேழு வயதிலும் ஒற்றை ஆளாக அறுபது பேருக்குச் சமைத்துவிடும் உடம்பு அம்மாவுக்கு.

தாரணி போனில் ஒரே பிடியாக நின்றாள். முதல் வளையலை அம்மாதான் போடவேண்டும்.

"எனக்கெதுக்கு சாமி அதெல்லாம்," என்றாள் அம்மா. "நா வந்து சோத்தப் பரிமாறுறேன். அது போதும்."

"நீங்க போடலைன்னா நா கையே நீட்ட மாட்டேன்."

"கண்ணு, சொன்னாக் கேளு. போன தடவ என்னாச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

போன தடவை என்னவென்றால், தாரணிக்கு முதலில் தங்கிய கரு நான்காம் மாதத்தில் கலைந்துபோனது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த உறவுக்கார அம்மாள் ஒருத்தி, கரு தங்கிய சேதி தெரிந்ததும் முதல் ஆளாக ஓடிப் போய்ப் பார்த்தது யார் என்று அம்மாவின் காதில் விழும்படியே கேட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அம்மா எந்த நல்ல காரியத்திலும் முன்னால் வந்து நிற்பதில்லை. யாராவது படம் எடுக்கப் போனால்கூட நாசூக்காக நகர்ந்துகொள்வாள்.

சிந்துஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எந்தக் காலத்தில் இருக்கிறோம், அப்பா மாரடைப்பில் போனதற்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம், அந்தப் பொம்பளைக்கு அன்றைக்கே நாலு வார்த்தை கொடுத்திருக்க வேண்டாமா என்று அரை மணி நேரம் பேசினாள். நன்றாகவே பேசினாள். அம்மா எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"பேசி முடிச்சுட்டியா? அந்த உப்பு டப்பாவ எடு," என்றாள்.

கடைசியில் ஒரு சமரசம் ஆனது. வளையல் போட அம்மாவைக் கூப்பிடக் கூடாது. ஆனால் அடுப்படியிலேயே ஒளிந்துகொள்ளாமல் கூடத்துக் கதவோரமாவது வந்து நிற்கவேண்டும். சிந்துஜாவுக்கு ஏதோ வழக்கில் ஜெயித்த திருப்தி.

அன்று சாயங்காலம் தாரணி அவளைத் தனியாகப் போனில் கூப்பிட்டாள். "அக்கா, அப்பா போனதுக்கப்புறம் அம்மா இருக்கற மாதிரி ஒரு போட்டோகூட நம்மகிட்ட இல்ல. நாளைக்கு அந்தக் கதவுகிட்ட நிப்பாங்கல்ல, நானும் அவங்களும் வர்ற மாதிரி ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடு. எனக்குப் பிரசவத்த நெனச்சா பயமா இருக்குது. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப கையில வெச்சுக்கோணும். வேற எதும் வேண்டாம்."

"இதென்ன பெரிய விஷயம்," என்றாள் சிந்துஜா.

வளைகாப்பு குறையில்லாமல் நடந்தது. வாசலில் போன்களை வாங்கி மஞ்சள் பையில் கட்டினார்கள். சிந்துஜாவிடம் புதுக் கேமரா இருப்பதால் தனியாகப் போட்டோகிராபர் எதற்கு என்று தாரணியின் மாமியாரே சொல்லிவிட்டார். பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாகத் தாரணி மனையில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருத்தராக வந்து சந்தனம் பூசி, வளையல் அடுக்கினார்கள். முழங்கை வரை பச்சையும் சிவப்பும் ஏறியது. அம்மா சொன்ன சொல் தவறாமல் கதவோரம் வந்து நின்றாள். கையில் காபித் தட்டு இருந்தது. வந்தவர்களுக்குக் காபி கொடுக்கிற சாக்கில் ஒரு மணி நேரம் அங்கேயே நின்றாள். சிந்துஜா குனிந்தும் நிமிர்ந்தும் நாற்காலி மேல் ஏறியும் நூற்று நாற்பத்திரண்டு படம் எடுத்தாள்.

சாயங்காலம் சிங்காநல்லூர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் தாரணி முதலில் கேட்டது கேமராவைத்தான். கட்டிலில் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். அழகு அழகு என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நாற்பதாவது படத்துக்கு மேல் பேச்சைக் குறைத்தாள். கடைசிப் படம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து தள்ளினாள்.

"அம்மா எங்கக்கா?"

சிந்துஜா வாங்கிப் பார்த்தாள். கூடத்துக் கதவு நிறையப் படங்களில் இருந்தது. கதவோரத்தில் யாரும் இல்லை. வெறும் சுவர், அதில் காலை வெயில். ஒரே ஒரு படத்தில் மட்டும் காபித் தட்டு இருந்தது, ஆவி பறக்கும் நான்கு டம்ளர்களோடு. தட்டுக்கு அடியில் மூன்று கால் உள்ள மர முக்காலி ஒன்று நின்றது. தாரணியின் மாமியார் வீட்டில் அப்படி ஒரு முக்காலியே கிடையாது. அந்தரத்தில் நிற்கும் தட்டு அசிங்கமாக இருக்கும் என்று கேமராவே யோசித்து வரைந்து வைத்திருந்தது.

"அம்மா, நீங்க அங்க நிக்கவே இல்லையா?" என்று கேட்டாள் தாரணி. "எனக்காக ஒரு நாள் நிக்கக் கூடாதா?"

"நின்னனே கண்ணு," என்றாள் அம்மா. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையை எட்டிப் பார்த்தாள். படம் படமாகப் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் குழப்பம்தான் இருந்தது. "நின்ன மாதிரிதான் இருந்துச்சு," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. பிறகு, "செரி உடு. நல்லதாப் போச்சு. நல்ல காரியத்து ஆல்பத்துல நா எதுக்கு," என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

தாரணி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சிந்துஜாவுக்கு அந்த முக்காலியைக் காலால் எட்டி உதைக்கவேண்டும் போல இருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கேமரா கம்பெனியின் பொறியாளரைப் போனில் பிடித்தாள். விமர்சகர்களின் சந்தேகத்தைத் தீர்ப்பதற்கென்றே கம்பெனி வைத்திருந்த ஆள், பெயர் அன்வர். சிந்துஜா எடுத்த எடுப்பிலேயே பொரிந்து தள்ளினாள்.

"பொட்டு இல்லாத பொம்பளைன்னா அழிச்சிடணும்னு யாருங்க உங்க மிஷினுக்குச் சொல்லிக் குடுத்தது?"

அன்வர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். கேமராவைக் கணினியில் இணைக்கச் சொன்னான். கண் தடம் என்று அதற்குள் ஒரு பதிவு இருக்கும், எடுத்தவரின் கண் எங்கெங்கே போனது என்று அதில் தெரியும் என்றான். அவள் அனுப்பிய பதிவைத் திறந்து பார்க்க அவனுக்குப் பத்து நிமிஷம் ஆனது.

"மேடம், அதுக்கு விதவையும் தெரியாது, சுமங்கலியும் தெரியாது," என்றான். "மனுஷனுக்கும் முக்காலிக்கும் உள்ள வித்தியாசமே அதுக்குப் பெருசா தெரியாது. உங்க கண்ணு ஒண்ணுதான் தெரியும். நூத்தி நாப்பத்திரெண்டு படத்துல கதவு வர்றது முப்பத்தொண்ணு. முப்பதுல உங்க கண்ணு கதவு வரைக்கும் போயிருக்கு, அதோட ஓரத்துக்குப் போகல."

"மிச்சம் ஒண்ணு?"

"அதுல போயிருக்கு." அன்வர் சற்றுத் தயங்கினான். "காபி மேல."

சிந்துஜாவுக்கு நினைவு வந்தது. பதினோரு மணிக்கு ஒரு காபி குடித்தால் தேவலை என்று தோன்றியது. திரையில் ஆவி பறப்பதைப் பார்த்தாள். முடித்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். தட்டைப் பிடித்திருந்த கைகள் மட்டும் நினைவில் இல்லை.

"நாந்தாங்க அவங்கள அங்க நிக்க வச்சதே," என்றாள். "அதுக்காக எவ்வளவு சண்டை போட்டேன் தெரியுமா?"

"சண்டை போட்டிருப்பீங்க மேடம்," என்றான் அன்வர். "பாக்கல."

அவன் குத்தலாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது ஆழமாக இறங்கியது.

"முதல்ல எடுத்த அசல் படத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியாதா?"

"அசல்னு ஒண்ணை அது வச்சுக்கறதே இல்ல. அதனாலதான் ஒன்பது நாள் சார்ஜ் நிக்குது." பிறகு அவன் வேறு ஒன்று சொன்னான். "இதை எழுதாதீங்க மேடம், எழுதினாலும் நா சொன்னேன்னு போடாதீங்க. விக்கறதுக்கு முன்னாடி எங்க ஆபீஸ்லயே பதினோரு பேர் ஆறு மாசம் எடுத்துப் பாத்தோம். எங்க ஆபீஸைக் கூட்டித் துடைக்கற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. தினமும் எட்டு மணி நேரம் எங்க நடுவுலதான் நடமாடுவாங்க. ஒரு நாள் வந்து, தம்பி, நா எதுலயாச்சும் விழுந்திருந்தா ஒண்ணு குடுங்களேன், பொண்ணுக்கு அனுப்பணும்னு கேட்டாங்க. தேடினோம். ஆயிரக்கணக்கான படம். ஒண்ணுலகூட இல்ல. அதுவரைக்கும் எங்க யாருக்கும் அது உறைக்கவே இல்ல."

"மேல சொன்னீங்களா?"

"சொன்னோம். படம் சுத்தமா இருக்குன்னுதான் ஜனங்க வாங்கறாங்க, அதுல கை வைக்காதீங்கன்னுட்டாங்க."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"போனை எடுத்து அந்த அக்காவைத் தனியா நிக்க வச்சு ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் பண்ணத் தெரியல."

போனை வைத்த பிறகு சிந்துஜா அறிக்கையைத் திறந்தாள். சுலபத்துக்குப் போட்ட பத்தை மாற்றுவதற்குக் கை போனது, ஆனால் மாற்ற மனசாட்சி ஒப்பவில்லை. சுலபமாகத்தானே இருந்தது. பார்க்காமல் இருப்பதை விடச் சுலபமான காரியம் உண்டா. எண்ணை அப்படியே விட்டுவிட்டு அதன் கீழே நாலு வரி சேர்த்தாள்: 'கேமராவில் கோளாறு இல்லை. ஆனால் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வருகிறவர்களில் நீங்கள் பார்க்க மறந்தவர்கள் வராதவர்களாகவே ஆகிவிடுவார்கள். எடுக்கும் முன் ஒருவர் விடாமல் எல்லோரையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளவும். அது கடினம் என்று தோன்றினால் வாங்கவேண்டாம்.'

அனுப்பியதைப் பத்திரிகை ஆசிரியர் கந்தவேல் படித்த மறுநிமிஷமே போனில் கூப்பிட்டார். "இது கேமராவைப் பத்தியா, வாங்கறவங்களைப் பத்தியா?"

"ரெண்டுந்தான் சார்."

"ம்," என்றார் அவர். "போடலாம். கேமராவக் கடையில திருப்பிக் குடுத்துடலாம், படத்துல போன ஆளத் திருப்பி வாங்க முடியாதுல்ல. ஆனா முதல்முறை பயன்படுத்துபவர்னு ஒரு பகுதி காலியா இருக்கே. கேமராவே தொடாத ஒருத்தர் கையில குடுத்துப் பாத்து, அதை முடிச்சு அனுப்பு."

கேமராவே தொடாத ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். அம்மா துவைத்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்து படுக்கையறையில் கொட்டிக்கொண்டிருந்தாள். தாரணி கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். காலையிலேயே அவளிடம் சிந்துஜா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தாரணி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வளையல்களை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கென்ன தெரியும் அதெல்லாம்," என்று அம்மா, சிந்துஜா நீட்டிய கேமராவைப் பார்த்துப் பின்வாங்கினாள்.

"தெரியாதவங்கதான்ம்மா எடுக்கோணும். இத அமுத்துனாப் போதும்."

சிந்துஜா போய்த் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா கேமராவை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு திரையைக் குனிந்து பார்த்தாள். அவசரப்படவில்லை. அரிசியில் கல் பொறுக்கும்போது பார்ப்பாளே, அப்படி மூலை மூலையாகப் பார்த்துவிட்டு அழுத்தினாள்.

வந்த படத்தைக் கண்டு சிந்துஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு நாளில் இவ்வளவு குப்பையான படம் ஒன்றை 'இமை' எடுத்ததே இல்லை. மடிக்காத துணிக்குவியல் இருந்தது. தாரணியின் இரும்புச் சத்து மாத்திரை அட்டை, அதில் காலையில் போட்டிருக்கவேண்டிய ஒன்று போடாமல் மீந்திருந்தது உட்பட இருந்தது. பாதி காலியான தண்ணீர் பாட்டில், மின்விசிறியில் படிந்த தூசி, வீங்கின பாதம், சிந்துஜாவின் ரவிக்கையில் பிரிந்திருந்த தையல், எல்லாம் இருந்தது.

"ஒண்ணையும் உடலியேம்மா நீங்க," என்றாள்.

தாரணி சிரிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கட்டிலுக்குப் பின்னால் கண்ணாடி பதித்த பீரோ இருந்தது. படம் எடுத்துக்கொண்டு நேர் எதிரே நின்ற அம்மா அந்தக் கண்ணாடியில் தெரியவேண்டும். கண்ணாடிக்குள் ஜன்னலும் திரைச்சீலையும்தான் இருந்தன.

"கண்ணாடியில நீங்க எங்கம்மா?"

"ஏன், நா இங்கதான நின்னேன்," என்றாள் அம்மா. அவள் குரலில் நேற்றைய அதே குழப்பம் வந்தது.

சிந்துஜாவால் அதற்கு மேல் பொறுக்கமுடியவில்லை. "அம்மா, இது எடுக்கறவங்க பாக்காதத அழிச்சுரும். நேத்து நீங்க நின்னீங்க. ஒரு மணி நேரம் நின்னீங்க. நாந்தான் உங்களப் பாக்கல."

எவ்வளவு பெரிய காரியத்தை எவ்வளவு சின்ன வாக்கியத்தில் சொல்லவேண்டியிருக்கிறது என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அம்மா அதை ஒரு பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"கை வேலையா இருந்திருப்ப," என்றாள். "அத்தன பேருக்கு நடுவுல என்னையத் தேடிப் பாக்கவா முடியும்."

"இப்ப யாரு நடுவுல இருந்தாங்க?" என்றாள் தாரணி. "எங்க ரெண்டு பேரையும் பாத்திருக்கீங்க, மாத்தர அட்டையப் பாத்திருக்கீங்க. கண்ணாடியில உங்களப் பாக்கலியே."

அம்மா ஒரு பாவாடையை எடுத்து மடித்தாள். "பொட்டு வெக்கறதுக்குத்தான் கண்ணாடி முன்னால நிக்கறது," என்றாள். "அது போயி ரெண்டு வருசமாச்சு. தல சீவறதெல்லாம் கைத்தடவலுக்கே வந்துரும். அதுக்கெதுக்குக் கண்ணாடி."

அதைச் சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். தாரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். அம்மாவின் கையிலிருந்த துணியை வாங்கிக் கட்டிலில் போட்டாள். தோளைப் பிடித்துத் திருப்பிக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினாள், பிடித்த கையை எடுக்கவில்லை. சிந்துஜாவும் எழுந்து இந்தப் பக்கம் வந்து நின்று, கேமராவை அம்மாவின் கையில் வைத்தாள்.

அப்போதுதான் அவள் அம்மாவைப் பார்த்தாள். முன்பல்லில் ஒன்று பாதி உடைந்திருந்தது.

"பல்லு எப்பம்மா உடஞ்சுது?"

"அதாச்சு ஆறு மாசம். முறுக்கு கடிச்சப்ப."

ஆறு மாதமாகத் தினமும் ஒரே வீட்டில், எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

அம்மா திடீரென்று கேமராவைக் கீழே இறக்கினாள். "மூணு பேரா நின்னு படம் எடுக்கப்படாது. ஆவாது."

"மூணு பேரு எங்கிருக்கோம்?" தாரணி அம்மாவின் ஒரு கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். "எண்ணிப் பாருங்க. நாலு."

அம்மா மறுபடி கேமராவைத் தூக்கினாள். திரை சின்னதாக இருந்ததால் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள், பிறகு சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். வெகுநேரம் அழுத்தாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். நெற்றியைப் பார்த்தாள். காதோரத்து நரையைப் பார்த்தாள். மேலுதட்டைத் தூக்கி அந்தப் பல்லைப் பார்த்தாள். புடவையைப் பார்த்துத் தோளில் ஒரு பக்கம் நழுவியிருந்ததைச் சரி செய்யலாமா என்று யோசித்து, கை இரண்டும் கேமராவில் இருந்ததால் விட்டுவிட்டாள்.

"எங்கம்மா மாதிரியே ஆயிட்டனே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

படத்தில் அம்மா மட்டும் இருந்தாள்.

தாரணி இல்லை, சிந்துஜா இல்லை, கட்டில் இல்லை, துணி இல்லை. இளநீல வெறும் சுவருக்கு முன்னால், கண்ணைத் தாழ்த்திக் கையிலிருப்பதைப் பார்த்தபடி சாந்தாமணி மட்டும் நின்றாள். இவ்வளவு துல்லியமாக ஒரு முகத்தை அந்தக் கேமரா இதுவரை எடுத்ததில்லை.

அம்மா கேமராவைச் சட்டென்று சிந்துஜாவிடம் நீட்டினாள். "அழிச்சுப் போடு," என்றாள். "அழிச்சுப் போடு சிந்து. என்னையப் பாத்துட்டே நின்னுட்டேன், புள்ளத்தாச்சி அழிஞ்சே போயிட்டா பாரு. இதையெல்லாம் வெச்சிருக்கப்படாது. இதுக்குத்தான் நா வர மாட்டேன்னேன். கேட்டீங்களா ரெண்டு பேரும்?"

அவள் அழவில்லை, ஆனால் பயந்துபோயிருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த வார்த்தையைக் கேட்ட அன்றைக்கு இருந்த முகம் சிந்துஜாவுக்கு இப்போது தெரிந்தது. அன்றைக்கும் அந்த முகம் அங்கே இருந்திருக்கவேண்டும், அவள்தான் பார்த்திருக்கவில்லை. சிந்துஜா கேமராவை வாங்கினாள். அழிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தங்கையைப் பார்த்தாள்.

தாரணி அதை அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். படத்தைப் பெரிதாக்கினாள், முகத்தைத் தாண்டிக் கீழே கொண்டுபோனாள். அம்மாவின் இடது தோளில் புடவை ஒரு பக்கமாக அமுங்கி, நான்கு சின்னப் பள்ளங்களோடு சுருங்கியிருந்தது. அம்மா அந்த இடத்தைப் பார்த்திருந்தாள். பார்த்த புடவையைக் கேமரா அப்படியே வைத்திருந்தது. அதை அமுக்கிக்கொண்டிருந்த விரல்களை மட்டும் அழித்திருந்தது.

"இது என்ற கை," என்றாள் தாரணி. "நா எங்கயும் போகலம்மா. உங்களப் புடிச்சுட்டுத்தான் நிக்கறேன். மத்தவங்களுக்குத் தெரியாட்டிப் போகுது." அந்தச் சுருக்கத்தைத் திரையில் விரலால் தொட்டுக் காட்டினாள். "எந்நேரமும் எங்களையே பாத்துட்டிருந்தீங்க. ஒரு நிமிசம் எங்கள உட்டுட்டு உங்களப் பாத்தீங்கள்ல. எனக்கு இந்தப் படந்தான் வேணும். ஆஸ்பத்திரிக்கு இதத்தான் கொண்டு போவேன்."

அம்மா கேமராவை வாங்கி, மகள் காட்டிய இடத்தில் அந்த நான்கு பள்ளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு படத்தை மேலே நகர்த்தித் தன் முகத்தைப் பார்த்தாள். அதன் பிறகு அழிக்கச் சொல்லவில்லை.